குழுச் சிகிச்சையும் இளையோர் தனிமையும்: ஒரு கடிதம்



வேலையின்பொருட்டுப் புதிய ஊரில் குடியேறி, அலுவலகத்தில் பலருடன் பழகியும் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமல் தவிக்கும் இளையவரிடம், மனநல ஆலோசகர் குழுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், முன்பின் அறியாத ஏழெட்டுப் பேர் நடுவே உட்கார்ந்து பேசுவதால் தனிமை எப்படித் தீரும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அச்சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது என்பதைச் சேருமுன்பே தெளிந்துகொள்ள உதவுவது இக்கடிதத்தின் நோக்கம்.

தனிமை ஒருவருடைய குணக்கேடு அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 விழுக்காட்டினர் தனிமையை உணர்வதாகக் கூறுகின்றனர் என்றும் தெரிவிக்கிறது. முதுமையின் துயரமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்ட ஒன்று இளமையில் இவ்வளவு மிகுந்திருப்பதற்குக் காரணம் தேடுவோர்க்கு, அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து துணைசெய்யும்: ஏறத்தாழ 18 முதல் 25 வயது வரையுள்ள காலத்தை, விடலைப் பருவமும் அல்லாத, முழு வளர்ச்சி பெற்ற பருவமும் அல்லாத தனிப் பருவமாக அவர் வரையறுத்தார், குடியிருப்பு, படிப்பு, வேலை, காதல் ஆகிய அனைத்தும் ஒருசேர மாறிக்கொண்டிருக்கும் காலம் அது. பள்ளியிலும் கல்லூரியிலும் நட்பு பெரும்பாலும் தேடாமலேயே வாய்க்கிறது. ஒரே பெஞ்சு, ஒரே பேருந்து, விடுதி மெஸ்ஸில் ஒரே மேசை என்று நாள்தோறும் அதே முகங்களைக் காண வைக்கும் ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. பட்டம் வாங்கியதும் அந்த ஏற்பாடு கலைந்துவிட, நட்பைத் தாமே முயன்று உண்டாக்கிக்கொள்ளும் பொறுப்பு, அதற்கான பயிற்சி எதுவும் பெறாதவர்மீது வந்து விழுகிறது.

தனிமையிலும் வகையுண்டு. சமூகவியலாளர் ராபர்ட் வெய்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில், பழகும் வட்டம் இல்லாமையால் வரும் சமூகத் தனிமையையும், வட்டம் இருந்தும் நெருக்கமான உறவு இல்லாமையால் வரும் உணர்வுத் தனிமையையும் பிரித்துக் காட்டினார். கைப்பேசியில் நூற்றுக்கணக்கான எண்களை வைத்திருப்பவரும் இரண்டாம் வகையில் அகப்பட்டிருக்கக்கூடும். குழுச் சிகிச்சை பெரிதும் உதவுவது அத்தகையோர்க்கே.

குழுச் சிகிச்சை என்பது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் அல்லது இருவர் முன்னிலையில், ஏழெட்டுப் பேர் பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடி, தங்களிடையே நிகழும் பேச்சையும் உறவையுமே மருந்தாகக் கொள்ளும் முறை. இதன் வேர் மனநல மருத்துவத்தில் இல்லை. காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த 1905ஆம் ஆண்டில், பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட், சானடோரியத்தில் தங்க வசதியற்ற ஏழை நோயாளிகளை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டி, ஓய்வு, உணவு, காற்றோட்டம் பற்றிப் பாடம் நடத்தினார். நோயாளிகள் தங்கள் உடல்வெப்பத்தையும் உணவையும் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவந்தனர். ஒருவருடைய எடை கூடியதைக் கண்டு மற்றவர்களும் நம்பிக்கை கொண்டனர். பாடம் சொல்வதற்காகவே கூட்டப்பட்ட வகுப்பில், ஊரார் அஞ்சி ஒதுக்கியவர்கள் ஒருவருக்கொருவர் துணையானது பாடத்தைவிட மேலான பயன் தந்தது.

இம்முறையைப் பிற்காலத்தில் விரிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம். குழு எதனால் குணப்படுத்துகிறது என்பதற்கு, 1970இல் முதற்பதிப்புக் கண்டு இன்றளவும் பாடநூலாக விளங்கும் தம் நூலில், அவர் பல காரணிகளைக் கூறுகிறார். அவற்றுள் இளையோர்க்கு முதலில் கைகொடுப்பது, இத்துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வு. இதைப் பொதுமையுணர்வு எனலாம். பங்கேற்பாளர்கள் தாங்கள் யாரிடமும் சொல்லத் துணியாத இரகசியத்தைப் பெயர் குறிப்பிடாமல் தாளில் எழுதித் தரும் பயிற்சி ஒன்றை யாலோம் விவரிக்கிறார். அத்தாள்களில் மிகுதியாகக் காணப்பட்டது, தாம் அடிப்படையிலேயே தகுதி குறைந்தவர் என்ற நம்பிக்கை. அதற்கடுத்தது, பிறர்மீது உண்மையான அன்பு கொள்ள முடியாதவராய், எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கும் உணர்வு. ஒவ்வொருவரும் தமக்கே உரிய குறை என்று மறைத்துவைப்பது அடுத்த நாற்காலியில் இருப்பவரின் இரகசியமாகவும் இருப்பதை அறிவதே பெரிய ஆறுதல்.

ஆயினும் ஆறுதலோடு நின்றுவிட்டால் அது சிகிச்சை ஆகாது. தனிமையைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பலவற்றை ஒப்பிட்டு, கிறிஸ்டோஃபர் மாசி, ஜான் காசியோப்போ உள்ளிட்டோர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பழகும் திறனைக் கற்பித்தல், ஆதரவு அளித்தல், பிறரைச் சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குதல், பிறரைப் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்துதல் என்ற நான்கு வழிகளில், நான்காவதே மிகுதியான பயன் தந்ததாக அவர்கள் கண்டனர். காலில் ஒருமுறை முள் தைத்தவர் புல்தரையிலும் தயங்கியே அடிவைப்பதுபோல, நெடுநாள் தனித்திருந்தவர் புறக்கணிப்பை எதிர்பார்த்தே பிறரை அணுகுகிறார். மறுமொழி வரத் தாமதமானால் வெறுப்பென்றும், பேச்சில் சற்று இடைவெளி விழுந்தால் சலிப்பென்றும் பொருள்கொண்டு, தாமே முந்திக்கொண்டு விலகுகிறார். இந்நிலையில் புதிய மனிதர்களைச் சந்திப்பது மட்டும் போதாது, பழைய பாடமே புதிய முகங்களோடு மறுபடியும் நடந்தேறும்.

குழுவின் தனிச்சிறப்பு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. ஒருவர் வெளியுலகில் பிறரோடு எப்படிப் பழகுகிறாரோ, அதே விதமாகவே சில வாரங்களில் குழுவிலும் பழகத் தொடங்கிவிடுவார் என்பதால், யாலோம் குழுவைச் சமூகத்தின் சிற்றுருவம் என்கிறார். எடுத்துக்காட்டாக, எல்லோருடைய நலத்தையும் விசாரித்து, எல்லோருக்கும் யோசனை சொல்லி, ஒருவரின் நேர்முகத் தேர்வு நாளைக்கூட மறவாமல் கேட்கும் ஓர் இளம்பெண்ணைக் கருதலாம். ஆறாவது வாரத்தில் உறுப்பினர் ஒருவர், தம்மைப் பற்றி அப்பெண் அனைத்தும் கேட்டறிந்திருந்தும், அவரைப் பற்றித் தமக்கு எதுவுமே தெரியாது என்றும், அதனால் தம்மை அவர் எட்ட நிறுத்துவதாகத் தோன்றுகிறது என்றும் சொல்கிறார். அப்போது சிகிச்சையாளர் அப்பெண்ணின் குழந்தைப் பருவத்தை விசாரிக்கப் புகாமல், இதைக் கேட்ட இந்த நொடியில் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்கிறார். நிகழ்ந்துகொண்டிருப்பதையே ஆராயும் இந்த அணுகுமுறைக்கு ‘இங்கே, இப்போது’ என்று பெயர். தம் துயரைச் சொன்னால் பிறருக்குப் பாரமாகி, அவர்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சியதை அப்பெண் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு வெளியே வந்திருப்பதாக அம்மாவிடம் தொலைபேசியில் பொய் சொல்லிவிட்டு, அறையில் விளக்கைக்கூடப் போடாமல் படுத்திருப்பதையும் சொல்கிறார். ஒருவரும் எழுந்து போகவில்லை. எதிரே இருக்கும் இளைஞர், தாமும் வீட்டாரிடம் அதே பொய்யைச் சொல்லி வருவதாகக் கூறுகிறார். சொன்னால் விலகிவிடுவார்கள் என்ற, எந்த அறிவுரையாலும் அசையாத கணிப்பு, கண்ணெதிரே பொய்த்துப்போன அந்த ஒரு மாலையில் முதன்முறையாக அசைகிறது. தனி ஆலோசனையில் பெறுதற்கரிய வாய்ப்பு இது. அங்கே பரிவு காட்டுபவர் ஒருவர்தான், அதுவும் அவர் தொழிலாகவே அதைச் செய்பவர் என்ற ஐயம் நெஞ்சின் ஓரத்தில் தங்கிவிடும்.

எல்லாக் குழுக்களும் இவ்வகையின அல்ல. ஒரே சிக்கல் உடையவர்கள் தாமே கூடிக்கொள்ளும் ஆதரவுக் குழுவும், உரையாடலைத் தொடங்குதல், முடித்தல் போன்றவற்றைப் படிப்படியாகக் கற்பிக்கும் திறன் பயிற்சிக் குழுவும் தனித்தனி நோக்கம் உடையவை. உரையாடலின் நடைமுறையே பிடிபடாதவர்க்கு, குறிப்பாக ஆட்டிசம் உடைய இளையோர்க்கு, திறன் பயிற்சியே முதலில் ஏற்றது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் முதலில் நாட வேண்டியது மருத்துவரையும் தனி உதவியையும். நடுவண் அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

சிகிச்சையாளரைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு பல்வேறு முறைகளில் நடத்தப்பட்ட குழுக்களை ஆராய்ந்து, மார்ட்டன் லீபர்மன், யாலோம், மத்தேயு மைல்ஸ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட நூல் இங்கே நினைக்கத்தக்கது. உறுப்பினர்களைச் சீண்டி, உணர்ச்சியைக் கொதிக்கவைத்து, உடனே மனத்தைத் திறக்குமாறு நெருக்கிய தலைவர்களின் குழுக்களில் மனக்காயம் பட்டவர்கள் மிகுதியாக இருந்தனர்; அன்போடு அணுகியதோடு, நிகழ்ந்ததற்குப் பொருள் விளங்கவைத்த தலைவர்களின் குழுக்களில் நற்பயன் மிகுந்தது. முதல் கூட்டத்திலேயே அழவைப்பதைத் திறமையாகக் காட்டும் இடத்தை, அது எவ்வளவு புகழ்பெற்றதாயினும், தவிர்ப்பதே நலம்.

நல்ல சிகிச்சையாளர் குழுவில் சேர்க்குமுன் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசுவார். அவருடைய பயிற்சி என்ன, குழு எத்தனை மாதம் நடக்கும், நடுவில் புதியவர்கள் சேர்வார்களா, கட்டணம் எவ்வளவு என்பனவற்றை அப்போது தயங்காமல் கேட்க வேண்டும். இரகசியம் காப்பதைப் பற்றியும் கேட்பது இன்றியமையாதது: இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவப் பணியாளரைத்தான் இரகசியம் காக்கக் கடமைப்படுத்துகிறது, உடன் அமரும் உறுப்பினர்களைக் கட்டுவது அவர்கள் ஒருவருக்கொருவர் தரும் வாக்குறுதியே. ஆதலால், அலுவலகத்தின் பெயரையும் மேலாளரின் பெயரையும் சொல்லாமலே உள்ளத்தைச் சொல்ல முடியும் என்பதை நினைவில் வைப்பது நன்று.

தொடக்க வாரங்கள் பெரும்பாலும் ஏமாற்றமாகவே கழியும். யாரும் பேசாத நிமிடங்கள் நீளும், ஒருவரே நேரத்தை எடுத்துக்கொள்வார், வேறொருவரின் பேச்சு எரிச்சலூட்டும். இனி வர வேண்டாம் என்ற எண்ணம் மூன்றாவது நான்காவது வாரத்தில் பலருக்கும் வருகிறது. அவ்வெண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் குழுவிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் எந்த இடத்தில் ஒருவர் விலக நினைக்கிறாரோ, அந்த இடமே அவர் ஆராய வந்தது. உடன் இருப்பவர்கள் நண்பர்களாகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது. வெளியே சந்தித்துக்கொள்பவர்கள் அதைக் குழுவில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலான சிகிச்சையாளர்களின் விதி, இருவர் மட்டும் அறிந்த பேச்சு மற்றவர்களின் நம்பிக்கையைக் குலைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். நட்பு அமைய வேண்டியது மெஸ்ஸிலும் அலுவலகத்திலும் விளையாட்டுத் திடலிலும்தான். குழுவில் இந்த வாரம் ஒருவரிடம் சொல்லத் துணிந்ததை, அடுத்த வாரத்துக்குள் வெளியே ஒருவரிடமாவது சொல்லிப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

விடைபெறும் முறையும் கற்க வேண்டியதே. இளையோரின் உறவுகள் பல, மறுமொழி அனுப்புவதை நிறுத்திவிடுவதால் சொல்லாமலே முடிந்துபோகின்றன. குழுவை விட்டு நீங்குபவர் சில வாரங்களுக்கு முன்பே அதை அறிவித்து, கடைசிக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, யாரிடமிருந்து எதைப் பெற்றார், யாரிடம் எது மனவருத்தமாக நின்றது என்பதை முகம் பார்த்துச் சொல்லிப் பிரிவது வழக்கம். சேர்வதென முடிவு செய்தால், அந்தக் கடைசிக் கூட்டத்துக்கான நேரத்தையும் இப்போதே ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.