செஸ் படிக்க எதை டவுன்லோட் செய்வது?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே, என் மகளுக்காக செஸ் தொடர்பாகக் கிடைத்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பினேன். ஓப்பனிங் வீடியோக்களே ஒரு போல்டர் முழுக்க. போதாததற்குக் காசு கொடுத்தும் ஒரு தொகுப்பு வாங்கினேன். சிசிலியன் டிஃபென்ஸில் பதினைந்து நகர்த்தல்கள் அவளுக்கு மனப்பாடம்.

பள்ளிப் போட்டியில் என்ன நடந்தது தெரியுமா? எதிரில் ராஜா மட்டும். இவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். ராஜாவை முன்னே கொண்டு போய்விட்டுப் பிறகு சிப்பாயை நகர்த்தியிருந்தால் வெற்றிதான். இவள் சிப்பாயையே தள்ளிக்கொண்டு போனாள். கடைசியில் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. அழுதுகொண்டே வந்தாள். தப்பு என் போல்டரில் இருந்தது.

அன்றிரவே பலவற்றை டெலீட் செய்தேன். இப்போது அவள் படிப்பது மூன்றே விஷயங்கள்.

முதலாவது, 1921இல் உலக சாம்பியனான கபாபிளாங்கா அதே ஆண்டு வெளியிட்ட 'செஸ் ஃபண்டமெண்டல்ஸ்'. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். ஓப்பனிங்கில் தொடங்காமல், எளிய செக்மேட்களையும் சிப்பாயை ராணியாக்குவதையும் முதலில் சொல்லித் தருகிறது. ஒரு சிரமம்: குறியீடு பழையது. இன்றைய 'ஈ4' அதில் 'பி-கே4'. இரண்டு நாளில் பழகிவிடும்.

அடுத்து, லிசெஸ் தளத்தின் புதிர்கள். கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. 'ஃபோர்க்', 'பின்' என்று வகை பிரித்தே எடுக்கலாம். ஆனால் முழு விடையும் மனதில் தெரியும்வரை மவுஸைத் தொடக் கூடாது. குத்துமதிப்பாகக் கிளிக் செய்தால் கம்ப்யூட்டரே பதில் நகர்த்தலைக் காட்டிவிடும். நாம் யோசிக்கவே மாட்டோம். பத்துக்கு ஏழு சரியாக வந்தால் அந்த நிலை உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கணக்கு. மூன்றுதான் வருகிறதா? எளிய நிலைக்கு இறங்குங்கள், வெட்கமே வேண்டாம்.

மூன்றாவது, அவள் தோற்ற ஆட்டங்கள். ஆன்லைனில் ஆடியதை பிஜிஎன் ஃபைலாக டவுன்லோட் செய்யலாம். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். எங்கே தவறியது என்று அவளே அதில் இரண்டு வரி டைப் செய்த பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினை இயக்குவோம். இன்ஜின் சிறந்த நகர்த்தலைக் காட்டும். காரணத்தை வாய்விட்டுச் சொல்லாது.

புதிதாக எதை வாங்கும் முன்பும் நடுவில் ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். "இங்கே நீங்கள் என்ன ஆடுவீர்கள்?" என்று எங்காவது கேட்கிறதா? இல்லையென்றால் நான் வாங்குவதில்லை.

அந்த சிசிலியன் தொகுப்பை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. கொடுத்த காசு அப்படி!