24 மணி நேரப் பந்தயமும் ஆறு நாள் பயணமும்

(கடிதப் பாடம்)

நுழையும் முன்

மாணவர்களே! தாபோடியில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், நெடுநேர மகிழுந்துப் பந்தயம் ஒன்றை நேரில் காண விரும்பினான். தன் விருப்பத்தைத் தமிழ்நாட்டில் உள்ள தாய்மாமனுக்குக் கடிதமாக எழுதினான். அதற்கு மாமா எழுதிய மறுமொழியே இப்பாடம். ஒரு பயணத்தைத் திட்டமிடும்போது எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைப் படித்து அறிவோம்.

கடிதம்

பூந்தமல்லி,
05.07.2025.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் அம்மாவும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. தமிழில் நீயே எழுதியிருந்தாய். ஓரிரு இடங்களில் ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறியிருந்தன. ஆயினும் நீ கூற வந்தது எனக்கு நன்கு விளங்கியது. மகிழ்ச்சி.

பிரான்சு நாட்டின் லே மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தை நேரில் காண வேண்டும் என்று எழுதியிருந்தாய். 1923-ஆம் ஆண்டு தொடங்கிய பழம்பெரும் பந்தயம் அது. பொதுச்சாலைகளும் தனித்தடமும் இணைந்த ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர் சுற்றுவழியில் வண்டிகள் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடும். பிற பந்தயங்களில் குறித்த தொலைவை யார் முதலில் கடக்கிறார் என்று பார்ப்பார்கள். இங்கோ குறித்த நேரத்திற்குள் எந்த வண்டி மிகுந்த தொலைவைக் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். 2010-ஆம் ஆண்டில் வென்ற ஔடி வண்டி 397 சுற்றுகளில் 5,410 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. புனேயிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிப் பாதை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அப்படியானால் அந்த வண்டி ஒரே நாளில் உன் ஊருக்கும் என் ஊருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து முறை ஓடியதற்குச் சமம் அன்றோ?

இத்துணைத் தொலைவை ஒருவரே ஓட்ட இயலாது. இப்போது ஒரு வண்டிக்கு மூவர் ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் உண்பார், இன்னொருவர் உறங்குவார். எந்த ஓட்டுநரும் மொத்தம் 14 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. வண்டி இடையிடையே பணியிடத்திற்கு வந்து நிற்கும். எரிபொருள் நிரப்புவோர், டயர் மாற்றுவோர், பழுது பார்ப்போர் எனப் பலர் இரவெல்லாம் விழித்திருப்பர். ஓட்டுநரின் பெயரை உலகம் அறியும். டயர் மாற்றியவர் பெயரை எவரும் அறியார். ஆயினும் அவர் கை தவறினால் வண்டி நின்றுவிடும்.

இதைப் படிக்கும்போது உனக்கு யார் நினைவுக்கு வருகிறார்? எனக்கு உன் அப்பாவின் நினைவு வந்தது. பிம்பிரியில் உள்ள தொழிற்சாலையில் ஒரு வாரம் பகலிலும் ஒரு வாரம் இரவிலும் முறைப்பணி செய்கிறார் அல்லவா? நீ உறங்கும் நேரத்தில் யாரோ ஒருவருடைய வண்டிக்கு அவர் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

நம் ஊர்க்காரர் எவரேனும் லே மானில் ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டிருந்தாய். ஓட்டியிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-ஆம் ஆண்டில் அப்பந்தயத்தில் ஓட்டினார். லே மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகிய இருவரும் அவருடைய கூட்டாளிகள். அவர்கள் வண்டி ஆறாம் இடம் பெற்றது.

இவ்வாண்டு சனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதை நீ அறிவாய். அதில் நீ கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பயிற்சியின்போது அவருடைய வண்டி விபத்துக்குள்ளானது. அதன்பின், அணியின் உரிமையாளராக இருந்தும், அந்த வண்டியை ஓட்டும் பொறுப்பை அவர் தம் தோழர்களிடம் விட்டுவிட்டார். தாம் வேறொரு வண்டியில் ஓட்டினார். அணி வெல்ல வேண்டுமானால் சில வேளைகளில் ஒருவர் விலகி நிற்கவும் வேண்டும்.

இனி, உன் கடிதத்தில் என்னை வருத்திய ஒரு வரியைப் பற்றிப் பேசுகிறேன். “அப்பாவுக்குக் கிடைக்கும் விடுப்பெல்லாம் பாட்டியின் கண் அறுவைக்கே போய்விடும், எனக்கு ஒன்றும் இல்லை” என்று எழுதியிருந்தாய். உன் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோளிங்கரில் தனியே இருக்கும் பாட்டிக்குக் கண் மங்கி ஓராண்டாயிற்று. நீ எழுதும் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள். தாமே படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவே பாட்டியா, பந்தயமா என்று கேட்காதே. இரண்டுக்கும் இடம் தரும் திட்டம் உண்டா என்று கேள்.

பிரான்சுக்குச் செல்லக் கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் பெரும் பொருளும் வேண்டும். அது இப்போது நம்மால் இயலாது. நீ வளர்ந்து, உழைத்து, ஒரு நாள் சென்று வா. அதுவரை நம் ஊர்த் தடத்தைப் பார்க்கலாம். திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சென்னை மோட்டார் விளையாட்டு மன்றத்தினர் அதனை 1980-களின் இறுதியில் உருவாக்கினர். ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அங்கு வழக்கமாக நடப்பவை சில சுற்றுகளே கொண்ட விரைவுப் பந்தயங்கள். 24 மணி நேரம் ஓடுபவை அல்ல. இதை முன்பே கூறிவிடுகிறேன், வந்தபின் நீ ஏமாறக் கூடாது.

அத்தடம் தோன்றும் முன் சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வானூர்திகளுக்காக அமைந்த ஓடுதளம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் அப்பா என்னை அங்கு அழைத்துச் சென்றார். நிழல் இல்லை. கொண்டுசென்ற தண்ணீர் நண்பகலுக்குள் தீர்ந்தது. தலைவலியால் பாதியிலேயே திரும்பினோம். வென்றவர் யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது! திட்டமிடாத பயணத்திற்கு அதுவே சான்று.

உன் அப்பாவுக்கு ஐந்து நாள் விடுப்பும் ஒரு ஞாயிறும் உண்டு. மொத்தம் ஆறு நாள்கள். தசரா விடுமுறையில் வருவதாக வைத்து, நான் வகுத்த திட்டம் இது:

புதன்: புனேயை நள்ளிரவையொட்டிக் கடக்கும் சென்னை வண்டியில் ஏறுங்கள். தாபோடியிலிருந்து புனே சந்திப்புக்கு முன்னிரவு மின்தொடர்வண்டியிலேயே வந்துவிடுங்கள். சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக மாலையில் அரக்கோணம் வரலாம். அங்கிருந்து பேருந்தில் சோளிங்கர்.

வியாழன்: பாட்டிக்குக் கண் அறுவை.

வெள்ளி: மருத்துவரின் மறுபார்வை. வேளை தவறாமல் கண்ணில் சொட்டு மருந்து இடும் பொறுப்பு உன்னுடையது.

சனி: மாலையில் அரக்கோணத்திலிருந்து மின்தொடர்வண்டியில் ஆவடிக்கு வாருங்கள். நான் நிலையத்தில் காத்திருந்து வீட்டிற்கு அழைத்துச் செல்வேன்.

ஞாயிறு: காலையில் இருங்காட்டுக்கோட்டை. பிற்பகல் 3 மணிக்கு, கடைசிப் பந்தயம் முடியாவிட்டாலும், திடலை விட்டுப் புறப்பட வேண்டும். மாலையில் சென்னையில் வண்டி.

திங்கள்: புனே.

மூன்று குறிப்புகளை மறவாதே. முதலாவது, பயணச்சீட்டு. பயண நாளுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கும். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் வண்டிக்கு அடுத்த நாளின் தேதியைக் குறிக்க வேண்டும். இதில் தவறிச் செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டு வாங்கினால், நீங்கள் வரும்போது வண்டி முந்தைய இரவே போயிருக்கும். இரண்டாவது, உடல்நலம். தொப்பி, தண்ணீர், காதடைப்பான் ஆகியவை வேண்டும். பந்தய வண்டிகளின் ஓசை நெடுநேரம் கேட்டால் செவிக்குத் தீங்கு. மூன்றாவது, பாதுகாப்பு. 1955-ஆம் ஆண்டில் லே மானில் ஒரு வண்டி பார்வையாளர் பகுதியில் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தடுப்புவேலிக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது.

கொடிகளின் மொழியையும் கற்றுக்கொண்டு வா. மஞ்சள் கொடி ‘முன்னே இடர், முந்தாதே’ என்னும். நீலக் கொடி ‘பின்னே விரைவான வண்டி வருகிறது’ என்னும். சிவப்புக் கொடி பந்தயத்தை நிறுத்தும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட கொடி பந்தயம் முடிந்ததை அறிவிக்கும்.

எல்லாம் எண்ணியபடி நடக்கும் என்று நான் உறுதி கூற இயலாது. பந்தய நாள் மாறலாம். பாட்டியின் கண்ணுக்குக் கூடுதல் ஓய்வு தேவைப்படலாம். அப்படியானால் அப்பா சோளிங்கரிலேயே தங்க, நீ மட்டும் என்னோடு வருவாய். அல்லது நீயும் பாட்டியுடனேயே இருப்பாய். எது சரி என்பதை அன்று பாட்டியின் முகத்தைப் பார்த்து நீயே சொல். நான் மறுக்க மாட்டேன். நல்ல அணியின் கையில் எப்போதும் மாற்றுத் திட்டம் ஒன்று இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. லே மான் பந்தயம் சூன் மாதத்தில், அந்நாட்டு நேரப்படி மாலை 4 மணிக்குத் தொடங்கும். நமக்கு அப்போது இரவு 7.30 மணி. மறுநாள் இரவு 7.30 வரை நடக்கும். வரும் ஆண்டில் அதைத் தாபோடி வீட்டிலேயே திரையில் பாருங்கள். முன்னிரவில் நீ பார். பின்னிரவில் அம்மா உறங்கட்டும். பணி முடிந்து வரும் அப்பா உன் அருகில் அமரட்டும். யார் எப்போது விழிப்பது, எத்தனையாவது சுற்றில் என்ன நடந்தது என்று ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். ஒருவர் உறங்கி எழுந்ததும் மற்றவர் ஏட்டைக் கையில் கொடுக்கட்டும். லே மானில் இருப்போரும் அதைத்தான் செய்கிறார்கள்.

உன் முடிவைத் தமிழிலேயே எழுது. பாட்டிக்கும் தனியே ஒரு கடிதம் எழுது; எழுத்துகள் சற்றுப் பெரியனவாக இருக்கட்டும். அறுவைக்குப் பின் அவர் தம் கண்ணால் படிக்கும் முதல் கடிதம் உன்னுடையதாக இருக்கும்.

இங்ஙனம்,
உன் அன்பு மாமா.

சொல்லும் பொருளும்

மறுமொழி – பதில்
முறைப்பணி – நேரம் மாறி மாறிச் செய்யும் வேலை
கடவுச்சீட்டு – வெளிநாடு செல்ல அரசு தரும் சான்று
திருகாணி – மரையுள்ள ஆணி
இடர் – துன்பம், ஆபத்து
சான்று – எடுத்துக்காட்டு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. லே மான் பந்தயம் எந்த ஆண்டில் தொடங்கியது?
2. நெடுநேரப் பந்தயம் பிற பந்தயங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. சோழவரத்துப் பயணம் ஏன் பாதியில் முடிந்தது?
4. நீலக் கொடி எதனை உணர்த்தும்?

ஆ. சிந்தித்து எழுதுக.

1. பந்தய அணியையும் அப்பாவின் தொழிற்சாலைப் பணியையும் மாமா எவ்வாறு ஒப்பிடுகிறார்?
2. பாட்டிக்குக் கூடுதல் ஓய்வு தேவைப்பட்டால், அம்மாணவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவு எடுப்பீர்கள்? காரணத்துடன் எழுதுக.

இ. மொழித்திறன்

1. ‘ர’ அல்லது ‘ற’ இட்டு நிரப்புக: அ__க்கோணம், அ__ுவை, தி__ுகாணி, ஞாயி__ு, இ__வு.
2. “தாய்மாமன்” என்பவரை மராத்தியிலும் ‘மாமா’ என்றே அழைப்பர். இவ்வாறு தமிழிலும் மராத்தியிலும் ஒத்து ஒலிக்கும் வேறு உறவுப்பெயர் ஒன்றை வீட்டில் கேட்டு எழுதுக.
3. எதிர்கால வினையாக மாற்றுக: ஓட்டினார், காத்திருந்தேன், வந்தாய், விழித்திருந்தனர்.

ஈ. கணக்கிட்டுப் பார்

5,410 கிலோமீட்டரை 24 மணி நேரத்தில் கடந்த வண்டி, ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் சென்றிருக்கும்?

உ. செயல்பாடு

உங்கள் சொந்த ஊருக்கு ஆறு நாள் பயணத் திட்டம் ஒன்றை எழுதுக. உங்களுக்காக ஒன்றும், வீட்டில் உள்ள மற்றொருவருக்காக ஒன்றும் அதில் இடம்பெற வேண்டும். மாற்றுத் திட்டம் ஒன்றையும் இறுதியில் சேர்க்க.