அரிய நோயும் இ.எஸ்.ஐ. எண்ணும்: தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

குழந்தையின் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. இரத்தச்சோகை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகிறது. இரவில் கால் எலும்பு வலிப்பதாகக் குழந்தை அழுகிறது. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் பல மாதங்கள் கொடுத்த பின்னரே மண்ணீரல் வீங்கியிருப்பது பல பெற்றோருக்குத் தெரியவருகிறது. இக்குறிகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிக அரிதான ஒன்று கோஷே நோய். இதைக் கௌச்சர் நோய் என்றும் எழுதுவர். உடலில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதால், சிதைய வேண்டிய கொழுப்புப் பொருள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்குகிறது. இரத்தத்தில் அந்நொதியின் அளவைச் சோதித்து நோயை உறுதிசெய்யலாம்.

இந்நோயின் பல வகைகளுக்கு மருத்துவம் உண்டு என்பது ஆறுதல். குறைந்த நொதியை இரு வாரத்திற்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்துகிறார்கள். இதை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 60 யூனிட் என மருத்துவர் குறித்தால், 10 கிலோ குழந்தைக்கு ஒருமுறைக்கு 600 யூனிட் தேவை. அதே குழந்தை 20 கிலோ ஆகும்போது 1,200 யூனிட். குழந்தை நலமுற்று வளர வளரச் செலவும் உடன் வளர்கிறது. இதனால்தான், கண்டறிந்த மறுநாளே வீட்டுமனையை விற்கவும் நகையை அடகு வைக்கவும் புறப்படும் பெற்றோரைச் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறோம். அப்பணம் சில மாதங்களில் தீர்ந்துவிடும், நோய் தீராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு முதலில் திறக்கவேண்டிய கதவு தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ. ஆகும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தில் பங்குத்தொகை ஊதியத்தைப் பொறுத்தது. மருத்துவமோ நோயைப் பொறுத்தது. மாத ஊதியம் 16,000 ரூபாய் எனில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 120 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 520 ரூபாய். இந்தியாவில் கோஷே போன்ற நோய்களுக்கு இத்திட்டத்தின் வழியே நொதி மருத்துவம் பெறும் குழந்தைகள் உள்ளனர். உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரை பெற்று, அயனாவரம் அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாக உயர் சிறப்பு மருத்துவத்திற்குச் செல்வதே முறை.

இவ்வுரிமை தொடர்ச்சியான பங்களிப்பை நம்பி நிற்கிறது. அது அறுந்துபோகும் இடங்களை நாங்கள் மீண்டும் மீண்டும் காண்கிறோம். ஒப்பந்ததாரர் மாறும்போது புதிய காப்பீட்டு எண் போட்டுவிடுகிறார்கள். பழைய பங்களிப்பு வேறோர் எண்ணில் கிடக்கிறது. பத்து இலக்க எண் ஒன்றே வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும் என்று முதல் நாளே கேட்டுப் பெறுங்கள். குழந்தையின் பெயர் குடும்பப் பட்டியலில் சேர்ந்துள்ளதா என்றும் பாருங்கள். பிறந்து இரண்டாண்டாகியும் சேர்க்காதவர்கள் உண்டு.

இன்னொன்று ஊதிய உயர்வு. 2017 ஜனவரி முதல் இத்திட்டத்தின் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். மிகைநேர வேலைக்கான ஓ.டி. ஊதியம் இவ்வரம்பைக் கணக்கிடும்போது சேராது. இதை அறியாமல் அஞ்சுவோர் பலர். ஆனால் பதவி உயர்வால் ஊதியம் வரம்பைத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் நீங்கள் திட்டத்திற்கு வெளியே. ஜூனில் உயர்வு வந்தால் செப்டம்பர் 30 வரை பங்களிப்பு தொடரும்; அதற்குரிய பயன்காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று முடியும். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் ஊதியத்திற்காகக் குழந்தையின் மருந்தை இழக்கும் நிலை கொடியது. விதி இவ்வாறு இருக்கும்வரை, கையொப்பமிடுமுன் எங்களிடம் கலந்து பேசுங்கள். தாயும் ஓர் ஆலையில் இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால், அவருடைய எண்ணின் வழியாகவும் குழந்தைக்கு உரிமை உண்டு. தாய் வேலையை விட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று குடும்பம் முடிவெடுக்குமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆயினும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 12,000 பெறும் தொழிலாளிக்கே ஆண்டு வருமானம் 1,44,000 ஆகிவிடுகிறது.

இ.எஸ்.ஐ. இல்லாதோருக்கு நடுவண் அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை உண்டு. தெரிந்தெடுத்த உயர் மையங்களின் வழியே, 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை இக்கொள்கையின்கீழ் வழங்குகிறார்கள். நமக்கு அருகிலுள்ள மையம் சென்னை எழும்பூரில் உள்ள குழந்தைகள் நல மருத்துவமனை. பெருந்தொகைதான், ஆனால் வாழ்நாள் மருந்துக்கு அது சில ஆண்டுகளுக்கே போதும். டெல்லியில் ரிக்‌ஷா ஓட்டும் தந்தை ஒருவர் கோஷே நோயுற்ற தம் மகனுக்காக வழக்குத் தொடுத்தார். அச்சிறுவனுக்கு இலவசமாக நொதி மருத்துவம் அளிக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஆணையிட்டது. இக்கொள்கைக்கு முன்னோடியாக நின்ற தீர்ப்புகளுள் அது ஒன்று.

பொதுமக்களிடம் நிதி திரட்டுவதை நாங்கள் தடுப்பதில்லை. ஒரே முறை செய்யும் மருத்துவத்திற்கு அது பொருந்தும். இரு வாரத்திற்கு ஒருமுறை என்றென்றும் வேண்டிய மருந்துக்கு, குழந்தையின் படத்தைக் காட்டி எத்தனை ஆண்டு கேட்க முடியும்?

தாய் தந்தை இருவரும் நோயின் மரபணுவைத் தாங்கியிருப்பதால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இந்நோய்க்கு உண்டு. அடுத்த கருவுறுதலுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. இதில் எவர்மீதும் பழி இல்லை.

மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கு வரும்போது நொதிச் சோதனை அறிக்கை, குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பழைய ஒப்பந்ததாரரிடம் இருந்தபோது பெற்ற எண் ஏதேனும் இருந்தால், அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.