அந்தக் கேம் திரும்ப வரவில்லை

"வக்கீலம்மா, அந்த நீலத் திமிங்கலம் மறுபடி வந்திருச்சாம்ல? லிங்க்கைத் தொட்டாலே போனுக்குள்ள இறங்கிருமாம்ல?"

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். கேட்ட அம்மா, விரிசல் விட்ட போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி. எத்தனையோ கை மாறி வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசி வரியில், பிள்ளை மேல் பாசம் இருந்தால் பத்து குரூப்புக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. அவர் அனுப்பியும் இருந்தார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்த 2012-லிருந்து அந்த வழக்குகளை நடத்தி வருகிறேன். பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் போகிறேன். போகிற இடமெல்லாம் இதே கேள்வி. "அப்படி ஒன்றும் இல்லையம்மா" என்றால், "நம்மூர்லயே ஒரு பையன் போகலையா?" என்று பதில் வரும்.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் கடைசியில் மதுரையை ஒட்டிய ஊரில் ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'ப்ளூ வேல்' (நீலத் திமிங்கலம்) கேம்தான் காரணம் என்று அன்று மாலையே டிவிக்கள் முடிவு கட்டின. செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்கு முன்பே மத்திய அரசு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் நிறுவனங்களுக்கு எழுதி, அந்த லிங்க்குகளை நீக்கச் சொல்லியிருந்தது. இவ்வளவும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அடுத்து நடந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை. நாடு முழுக்க இந்தக் கேமின் பெயரில் சொல்லப்பட்ட சம்பவங்களை ஆராய ஒரு குழு போட்டார்கள். இணையப் பயன்பாடு, போன் அழைப்புகள், தடயவியல் சான்றுகள் எல்லாவற்றையும் பார்த்த அந்தக் குழுவால் ஒரு சம்பவத்தில்கூடக் கேமுக்குத் தொடர்பு இருப்பதாக நிறுவ முடியவில்லை. 2018 ஜனவரியில் உள்துறை இணை அமைச்சர் மக்களவையிலேயே இதைச் சொன்னார். அந்தப் பதிலை யாரும் பத்து குரூப்புக்கு அனுப்பவில்லை.

தொட்டதும் இறங்கும் கேம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்தப் பேச்சு 2016-ல் ரஷ்யாவில் ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. அங்கே மனம் நொந்த பிள்ளைகள் கூடும் குழுக்கள் இருந்தது நிஜம். அவர்களைத் தூண்டியதற்காக ஒருவன் சிறைக்குப் போனதும் நிஜம். ஆனால் அது மனிதன் மனிதனுக்குச் செய்த தீங்கு. போனுக்குள் ஒளிந்திருக்கும் பேய் இல்லை. 2018-ல் வந்த 'மோமோ' சேலஞ்ச் வதந்தியும் இதே ரகம்தான். முட்டைக்கண் முழிக்கும் அந்த முகம் ஜப்பானியக் கலைஞர் கெய்சுகே ஐசோ செய்த சிற்பம். அழுகிப்போனதால் அதைத் தூக்கி எறிந்துவிட்டதாக அவரே 2019-ல் சொன்னார்.

"பொய்யாவே இருக்கட்டும், பயந்து நடந்தா நல்லதுதானே?" என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நல்லது கிடையாது சார். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அதற்கு முன் பல நாளாக வாட்ஸ்அப்பில் அந்த வதந்திதான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி நம் நாட்டில் கட்டுப்பாடு வந்ததே அந்த ஆண்டு நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகுதான்.

இன்னொரு கெடுதல் வீட்டுக்குள் நடக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தேன். ஊர், பேர் அடையாளம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனார் ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். மேசையில் கவிழ்த்தார். கண்ணாடிச் சில்லும் வளைந்த பேட்டரியும் பாதி சிம்மும் விழுந்தன. "கேம்தான்னு நெனச்சு அம்மிக்கல்லுல வச்சு நசுக்கிட்டேம்மா" என்றார். கேம் இல்லை. ஃபேக் ஐடியில் ஒருவன் அந்தப் பிள்ளையிடம் ஒரு படம் வாங்கி, அதை வைத்து மூன்று வாரமாக மிரட்டிக்கொண்டிருந்தான். விசாரித்தால் அதே தெருவில் இருப்பவன், 'அண்ணே' என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டவன். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அப்பா போனை உடைப்பாரு, ஸ்கூலை நிறுத்திருவாரு" என்றாள். மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தது அந்தப் பயத்தில்தான். மிரட்டலுக்கு நேரடிச் சாட்சி அந்த போனில் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டிய பொருள் அம்மிக்கல்லில் நசுங்கிவிட்டது.

அப்பாக்களே, தயவுசெய்து போனை உடைக்காதீர்கள். சாட்டை அழிக்காதீர்கள், அந்த ஐடியை உடனே பிளாக் செய்யாதீர்கள். முதலில் ஐடி பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேட்ட காசைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். காசு போயிருந்தால் உடனே 1930. பிள்ளைக்கு உதவி வேண்டுமானால் 1098. சாக வேண்டும் என்கிற பேச்சு பிள்ளை வாயில் வந்தால் 14416 அல்லது 104, அதுவும் அந்த நிமிடமே. பிள்ளையிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "உன் மேல தப்பில்ல, நான் இருக்கேன்."

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

ஸ்டேஷனுக்குப் போனால் பேர் பேப்பரில் வந்துவிடும் என்கிறார்கள். வராது. போக்சோ 23-ஆம் பிரிவின்படி பிள்ளையின் பேர், படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிட்டால் குற்றம். 24-ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம், வாங்குகிற அதிகாரி யூனிஃபார்மில் வரக்கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கவும் கூடாது.

எச்சரிக்கைக்காகத்தான் அந்த வீடியோவை அனுப்பினேன் என்கிறார்கள். பிள்ளைகளின் ஆபாசக் காட்சியை எந்த எண்ணத்தில் அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஒரு அவமானம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யில் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. பார்த்தால் தப்பில்லை என்ற பேச்சும் செல்லாது. நம் சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை முடித்துவைத்துவிட்டது.

ஆப்பைத் தடை செய்தால் தீர்ந்தது என்பது அடுத்தது. 2019 ஏப்ரல் 3-ல் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. அதே மாதம் 24-ல் தடை விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறு காரணத்துக்காக ஒரேயடியாக மூடியது. பிள்ளைகள் ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள். 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே கணக்கு வைக்கத் தடை போட்டதும், அதுபோல் இங்கும் சட்டம் கொண்டுவர முடியுமா என்று பார்க்கும்படி நம் மதுரைக் கிளை மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் இன்ஸ்டாவில் 13 வயது என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்தது யார்? அந்தக் கூட்டத்தில் கேட்டேன். நாலைந்து அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆப்பை மூடிவிட்டால், சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது மதுரைத் தமுக்கம் மைதானம் திறந்து கிடந்தது. இப்போது அங்கே மாநாட்டு மையம் நிற்கிறது. வைகையில் தண்ணீர் இல்லாத நாளில் பையன்கள் மணலில் ஸ்டம்ப் நடுகிறார்கள், பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. கடைசி மணி அடித்ததும் கேட்டில் பூட்டு தொங்குகிறது. உள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது, வெளியே திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆறரை மணி வரை மைதானத்தைத் திறந்து வைக்கவும், பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கவும், ஒரு காவலாளியை நியமிக்கவும் அங்கே தீர்மானம் போடலாம். அன்று போனை நீட்டிய அம்மாவும் அந்தக் குழுவில் உறுப்பினர். தீர்மானத்தை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.