சலூன் வைக்க எவ்வளவு ஆகும்?

"பிளேஸ்மென்ட் வரலைன்னா சலூன் வச்சிடலாம் மச்சான்" என்று ஹாஸ்டலில் காமெடியாகச் சொல்வோம். போன வருஷம் என் மாமா மகன் நிஜமாகவே திருச்சியில் ஒன்று ஆரம்பித்தான். அவன் நோட்டில் இருந்த கணக்கைத்தான் கொஞ்சம் ரவுண்ட் பண்ணித் தருகிறேன்.

கடை வாடகை 15,000. அட்வான்ஸ் பத்து மாசம், அதாவது 1,50,000. திரும்பி வரும் பணம்தான், ஆனா அதுவரை முடங்கிக் கிடக்கும். இரண்டு ஹைட்ராலிக் நாற்காலி, கண்ணாடி, ஏசி, இன்வெர்ட்டர், ட்ரிம்மர் எல்லாம் சேர்த்து இன்னொரு 2 லட்சம்.

இப்போ பிரேக் ஈவன் பாருங்க. வாடகை 15,000, ஒரு ஆள் சம்பளம் 18,000, கரண்ட் 6,000 (கடைக்கு கமர்ஷியல் ரேட், வீட்டு ரேட் இல்லை). ஆக 39,000. கட்டிங் 150 ரூபாய். பிளேடு, க்ரீம், டவல் சலவைக்கு 20 போனால் மிச்சம் 130. வகுத்தால் 300 தலை. செவ்வாய் லீவு, அதனால் மாசம் 26 நாள். தினமும் 12 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. அவனோட சாப்பாட்டுக் காசு இதில் சேரவில்லை, கவனிங்க.

ஞாயிறு கூட்டம் அள்ளும். ஆனால் கார்த்திகையில் மாலை போட்டவங்க முடி வெட்ட மாட்டாங்க, அங்கதான் மாட்டினான். ஃபால்ஸ் சீலிங்கில் கொட்டிய பணத்தை மூணு மாசச் செலவுக்கு ஒதுக்கியிருக்கணும்.

பேப்பர் வேலை பெரிசில்லை. உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்கணும், உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. முத்ரா கிஷோர் பிரிவில் அடமானம் இல்லாமல் 5 லட்சம் வரை கேட்கலாம். அவனுக்கு அது தெரியாது. அத்தையின் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு.