ஒண்ணுக்கு அடக்க முடியலையா? டாக்டரிடம் சொல்வது எப்படி?

சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கோ, பூ வியாபாரத்துக்கோ, கடை வேலைக்கோ காலையில் கிளம்பும்போது தண்ணீர் குடிக்காமல் போகிறவரா நீங்கள்? இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கொஞ்சம் கசிகிறது. பஸ்ஸில் அவசரம் தாங்க முடியவில்லை. அதற்குத்தான் இந்த ஏற்பாடு, இல்லையா? ஆனால் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும். கிருமித் தொற்றும் எளிதில் வரும்.

‘ரெண்டு புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் இடுப்புத் தளத் தசைகள் தளர்வது உண்மைதான். அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் என்பார்களோ என்று பயந்தும் பலர் போவதில்லை. இருமும்போது கசிவதற்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதியது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். (சிறுநீர் கழிக்கும்போதே இதைச் செய்யாதீர்கள்.)

பல பெண்கள் தயங்கி நிற்பது ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில்தான். பின்னால் வரிசை, பக்கத்தில் தெரிந்த முகம். வாயில் வருவது ‘வயித்து வலி’. சிகிச்சையும் வயிற்று வலிக்கே நடக்கும். அங்கே ‘மகளிர் நோய்ப் பிரிவு’ என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதைப் போனில் எழுதி வையுங்கள்: மூன்று நாளில் எத்தனை தடவை போனீர்கள், ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது, எவ்வளவு குடித்தீர்கள். பேச வாய் வராவிட்டால் அதை அப்படியே காட்டுங்கள். மருத்துவர் கேட்கப்போவதும் இந்தக் கணக்கைத்தான்.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அடிக்கடி போவது சர்க்கரை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் மகளிர் தன்னார்வலரிடமும் பேச்சை ஆரம்பிக்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் இ-சஞ்சீவனி செயலியில் பதிவு செய்து, வீட்டிலிருந்தே வீடியோவில் மருத்துவரிடம் பேசலாம்.

காய்ச்சலோடு குளிர் நடுக்கம், விலாப்பக்க முதுகு வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள் வெறும் எரிச்சல் என்றாலும் போக வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்க வேண்டாம். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.