உச்சிக்குப் போகும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் மலையேறப் போகலாம் என்று நண்பர்கள் அழைத்தால், உடனே எதை யோசிப்பீர்கள்? காலணி, தின்பண்டம், உச்சியில் எடுக்கப்போகும் படம். இவற்றுக்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். வகுப்பில் படித்த இயற்பியலும் உயிரியலும் இங்கேதான் உதவும்.

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே இருக்கிறது அங்சி மலை. உயரம் சுமார் 825 மீட்டர். உலு பெண்டுலில் தொடங்கும் பாதை ஓடையோரமாகப் போய், பிறகு காட்டுக்குள் ஏறுகிறது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடக்கூடிய, நடுத்தரக் கடினமுள்ள மலை இது. இத்தகைய ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தூரத்துக்கும் 1 மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம்.

கணக்குக்காக, உங்கள் பாதை ஒருவழி 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 2 மணி நேரம். ஆனால் நம் காட்டுப் பாதை வேர்களும் சேறும் நிறைந்தது. காற்றில் ஈரப்பதமும் அதிகம். ஆகவே பாதி நேரத்தைக் கூட்டி, 3 மணி நேரம் என்று எழுதுங்கள். காலை 7.30-க்குப் புறப்பட்டால் 10.30-க்கு உச்சி. அரை மணி ஓய்வு. இறங்க இரண்டரை மணி நேரம். பிற்பகல் 1.30-க்கு அடிவாரம்.

ஏன் காலையிலேயே?

வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. ஈரமான வெப்பக் காற்று மேலெழுந்து, குளிர்ந்து, பெரும் மேகமாகத் திரள்கிறது. நம் நாட்டில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வருவதற்கு இதுவே காரணம். திறந்த மலையுச்சி, இடி மின்னலின்போது நிற்கக்கூடாத இடம்.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். மின்னலைப் பார்த்து 15 விநாடியில் இடி கேட்டால், மின்னல் 5 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கொண்டே அங்கு நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே இறங்கத் தொடங்குங்கள். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

எவ்வளவு தண்ணீர்?

உங்கள் எடை 50 கிலோ, பை 5 கிலோ என்போம். 55 கிலோவை 600 மீட்டர் உயர்த்த வேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், 55 × 10 × 600 = 330,000 ஜூல், அதாவது 330 கிலோஜூல். தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே உடல் செலவழிப்பது சுமார் 1,320 கிலோஜூல். மிச்சமான 990 கிலோஜூல் வெப்பமாகிறது.

அந்த வெப்பத்தை வெளியேற்றும் வழி வியர்வை. 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 0.4 லிட்டர் வியர்வை வேண்டும். நடப்பதால் உண்டாகும் வெப்பம் தனி. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுவதால், உடல் இன்னும் அதிகமாக வியர்க்கும். ஆகவே மணிக்கு அரை லிட்டர் என்று கொண்டு, 3 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். ஓடைநீரைக் குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமிகள் இருக்கலாம். உப்பு கலந்த நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள்.

உச்சியில் குளிருமா?

ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 0.65 பாகை குறைகிறது. 600 மீட்டர் ஏறினால் சுமார் 4 பாகை. இது பெரிதல்ல. ஆனால் நனைந்த சட்டையில் காற்று வீசினால் உடல்சூடு விரைவாக இறங்கும். மாற்றுச் சட்டையும் மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும்.

மிக முக்கியமான எண்

வீட்டிலேயே ஒரு "திரும்பும் நேரம்" குறித்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது 11.30. அப்போது எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மணி 11.30. உச்சி இன்னும் தெரியவில்லை. "இருபது நிமிஷம்தான்டா, வா" என்கிறான் நண்பன். போனால் 11.50. படம் எடுத்து முடிக்க 12.10. மெதுவாக ஏறியவர்கள் மெதுவாகத்தான் இறங்குவார்கள்; 3 மணி நேரம் ஆகலாம். அடிவாரம் சேரும்போது 3.10. இடிமழை பெய்யும் வேளை அது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன. களைத்த காலில் ஈரவேர் வழுக்கும். ஒருவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டால், காட்டுக்குள் இருட்டிவிடும்.

திரும்பி வருவது தோல்வி அல்ல. மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

புறப்படும் முன்

* வனக்காப்பகத்தில் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி தேவை. வழி தெரிந்த பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள்.
* எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தைத் தாண்டினால் 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.
* கைவிளக்கு, விசில், முதலுதவிப் பொருள்கள், மின்னேற்றிய கைப்பேசி.
* குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

செய்து பாருங்கள்: உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு மலையின் பாதைத் தூரத்தையும் ஏற்றத்தையும் வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். ஏறும் நேரம், தேவையான தண்ணீர், திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் கணக்கிடுங்கள். கடைசி எண்ணை உங்கள் நண்பனிடம் முதலில் சொல்லுங்கள்.